ஜோடி சேராத செருப்பும் பருப்பு டப்பாவும்

எனக்கு ஒழுங்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது ஓர் ஆங்கிலக் கதை. ஆறாம் வகுப்பில் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்த, அட்டை கிழிந்த தமிழாக்கம். கப்பல் உடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்கிய ஒருவன் தன் கதையைத் தானே சொல்கிறான். இது பல காலத்துக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து கற்பனையாக எழுதியது என்று டீச்சர் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்த ஆள் கடலை வர்ணிப்பதில்லை. உடைந்த கப்பலிலிருந்து எடுத்துவந்த ரொட்டி, அரிசி, கோடாலி, ஆணி என்று, சந்தைக்குப் போய்வந்தவர் பையைப் பிரித்துக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறான். கூட வந்தவர்கள் மூழ்கிப்போனதற்கு ஒப்பாரி வைக்கவில்லை. அவர்களுடைய தொப்பிகளும் ஜோடி சேராத இரண்டு செருப்புகளும் கரை ஒதுங்கின என்கிறான், அவ்வளவுதான். புளுகுகிறவன் என்றால் செருப்பை ஜோடியாகத்தானே ஒதுக்கியிருப்பான்?

அந்த வருடம் மழைக்காலத்தில் அப்பா சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள் வீட்டில், கேபினில் வைக்கிற சமையல் பெட்டியை வீட்டுப் பெண்கள்தான் நிரப்புவார்கள். எங்கள் வீட்டில் அம்மா சாமான்களை எடுத்துக் கொடுப்பாள், நான் அடுக்குவேன். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அப்பா போன ஆறாம் நாள் டிவியில் வெள்ளம் காட்டினார்கள். அவர் போன பாதையில் பாலம் உடைந்திருந்தது. லாரிகள் பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தன. அப்பாவின் செல்போனுக்கு மணியே அடிக்கவில்லை. மூன்று நாள் அம்மா டீயைத் தவிர எதையும் தொடவில்லை. அவள் சாப்பிடாததால் எனக்கும் இறங்கவில்லை. பெரியம்மா வந்து இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது, “அம்மா, அப்பா போன் பண்ணுனாரு” என்றேன்.

அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்றாள். வெறுமனே நல்லா இருக்காரு என்று சொன்னால் எடுபடாது. தீவுக்காரன் காட்டிய வழியில் போனேன். மேட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கிறது. அவர் போன் நனைந்துவிட்டதால் பங்குக்காரர் போனில் பேசினார். தார்ப்பாய்க் கயிற்றில் லுங்கி காய்கிறது. ஸ்டவ்வில் ஒரு திரி எரியவில்லை. ஒரு செருப்பை வெள்ளம் கொண்டுபோய்விட்டது (இது திருட்டுச் சரக்கு). மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினார்.

அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அரிசிம்பருப்பா ஆக்குனாரு?”

“ஆமாம்மா. பூண்டு தட்டிப் போட்டு.”

“செரி சாமி. வா, சோறு திங்கலாம்.”

அன்று அம்மா இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் பெரியம்மா வந்தார். நான் எல்லாவற்றையும் மறுபடி ஒப்பித்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். நான் சோற்றுக்கு வந்ததும் அம்மா குறுக்கே விழுந்து, “பருப்பு மட்டும் பக்கத்து வண்டிக்காரருகிட்ட வாங்கிக்கிட்டாராமுங்க அக்கா” என்றாள். நான் சொல்லாத சங்கதி! பார்த்துப் பார்த்துக் கட்டிய கதையில் அடுத்தவர் கை வைத்தால் கோபம் வராதா?

அப்பா போன பன்னிரண்டாம் நாள் நிஜமான போன் வந்தது. “நல்லா இருக்கறேன் புள்ள. வாரேன்.” அவ்வளவுதான் பேசினார். சாமான் ஒன்றுகூட இல்லாத இந்தப் பேச்சை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். அம்மா ரிசீவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு சிரித்தாள். பல நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் எனக்கும் இறங்கியது.

நாலு நாள் கழித்து அப்பா வந்து இறங்கினார். நான் முதலில் அவர் காலைத்தான் பார்த்தேன். இரண்டு செருப்பும் ஜோடியாக இருந்தன. குட்டு வெளிப்பட்டது என்று வேர்த்துவிட்டது. அம்மாவும் அந்தக் காலைப் பார்த்தாள், பிறகு அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

“ஏம்புள்ள, பொட்டியில பருப்பு டப்பாவக் காணமே? அத்தன நாளும் ரசத்துலயே ஓட்டுனேன்” என்றார் அப்பா.

“நாந்தானுங்க வெக்க மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள்.

அடுக்கியது நான். அதைக்கூட மறந்துவிட்டாளே, போனைப் பற்றிக் கேட்கவும் மறந்துவிட்டாளே, நல்லவேளை தப்பித்தோம் என்றுதான் எனக்கு இருந்தது. நான் கதை சொன்ன சாயங்காலம் அந்த டப்பா அடுப்படி அலமாரியில், அவள் திரும்பிப் பார்த்த இடத்திலேயே, நிறையப் பருப்போடு இருந்திருக்கிறது என்பது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின. அன்றைக்கோ, என் கதையை நம்பித்தான் அம்மா சாப்பிடுகிறாள் என்று, நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.