சாக்லேட் உருண்டையில் வந்த வாசனை

1. மத்தியானம் வந்த போன்

ஷூ கம்பெனியில் சாப்பாட்டு பெல் அடித்து, கை கழுவிக்கொண்டிருந்தேன். கிரேஸ் டீச்சரிடமிருந்து போன். நாட்றம்பள்ளி பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்ப்பவர். முந்தின நாள்தான் அவருடைய ஸ்டாஃப் ரூமுக்கு கடலை வைத்த சாக்லேட் உருண்டை, நட்ஸ் ட்ரஃபிள், பத்து டப்பா கொடுத்திருந்தோம். எங்கள் தெருவைத் தாண்டிப் போன முதல் ஆர்டர் அது.

“தம்பி, தப்பா எடுத்துக்காத. டப்பாவத் தொறந்தா ஒரு வாசனை வருது.”

“சாக்லேட் வாசனை இருக்கும் டீச்சர்.”

“அது எனக்குத் தெரியாதா? புதுச் செருப்பு வாங்குனா வருமே, அந்த மாதிரி. வாயில போட்டாலும் வருதுப்பா.”

அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ஒருத்தங்க கேட்டுட்டாங்க, தோல் கம்பெனிக்காரங்க வீட்ல செஞ்சதான்னு. நான் அப்டி நெனைக்கல. ஆனா ஆண்டு விழாவுக்குச் சொன்ன அறுபது டப்பாவ கொஞ்சம் நிறுத்தி வைப்பா. நான் யோசிச்சிச் சொல்றேன்.”

வீட்டில் இருந்தபடி பலகாரம் செய்து விற்கத் தொடங்குகிறவர்கள் பலர், எப்படிச் செய்வது, எங்கே விற்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செய்முறை போனில் ஆயிரம் கிடைக்கும். இந்தப் போன் வந்த பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்பது அதில் கிடைக்காது.

2. நாங்கள் யார், என்ன செய்கிறோம்

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதலில். கெமிஸ்ட்ரி படித்தேன். படித்த பிறகும் ஆம்பூரில் ஷூ கம்பெனிதான். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். மனைவி மீனா கல்யாணத்துக்கு முன்பு ஷூவின் மேல்தோலைத் தைக்கும் அப்பர் ஸ்டிச்சிங் லைனில் இருந்தாள். அம்மா பத்தொன்பது வருடம் தோல் பதனிடும் டேனரியில் இருந்தார், முதலில் தோல் காயவைக்கும் வேலை, பிறகு ஓரம் வெட்டும் ட்ரிம்மிங் வேலை. முழங்கால் போனதும் நின்றுவிட்டார்.

ட்ரஃபிள் யோசனை மீனாவுடையது. ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, முந்திரி, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் மூன்றையும் மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் கடலை எண்ணெய் விட்டுச் சட்னியாகிவிடும். பிறகு கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாக உருட்டி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணம் வைத்து, கடையில் கட்டியாகக் கிடைக்கும் காம்பவுண்ட் சாக்லேட்டை உருக்கி, முள்கரண்டியால் முக்கி எடுத்து, தட்டிவிட்டுப் பட்டர் பேப்பரில் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். முதல் தடவை கரண்டியில் இருந்த ஒரு சொட்டுத் தண்ணீர் போய்ச் சாக்லேட் முழுவதும் சேறு மாதிரி இறுகிவிட்டது. இரண்டாம் தடவை நன்றாக வந்தது. ஆனால் மூன்றாம் நாள் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. கோடவுனில் மழைக்காலத்தில் தோல்மேல் பூஞ்சை பார்த்தே பழகிய கண். “ஃபங்கஸ்!” என்று கத்தி மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன். பிறகுதான் புரிந்தது, அது சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு. சூடு, குளிர் மாறி மாறிப் பட்டால் மேலே வந்து வெள்ளையாக உறையும். தோலிலும் இதே மாதிரி கொழுப்பு மேலே வரும், அதைத் துணியால் துடைத்து பாஸ் பண்ணுகிறவன் நான்! மீனா ஒரு வாரம் என்னை “ஃபங்கஸ் சார்” என்றுதான் கூப்பிட்டாள்.

உருட்டுவதில் அம்மாவை யாரும் நெருங்க முடியாது. எடை போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே எடை. ஆனால் ஆரம்பத்தில் அவர் பக்கத்திலேயே வரவில்லை.

“நான் உருட்டுனா யாருடா வாங்கித் தின்னுவாங்க? ஒரு கல்யாண வீட்ல என்னைக் காய் நறுக்கக்கூட உக்கார வெச்சதில்ல.”

“வேலைய விட்டு ரெண்டு வருஷம் ஆவுது அத்தை. சும்மா உக்காருங்க” என்று மீனாதான் இழுத்து உட்கார வைத்தாள். விற்க ஆரம்பித்த நாலு மாதத்தில் அம்மா விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. தெருவில் அவரைப் பார்த்து, “இன்னாக்கா, இன்னிக்கு உருண்டை உண்டா?” என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். அதற்கு அம்மா முகத்தில் வரும் சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

3. அந்தச் சாயங்காலம்

போன் வந்ததை மீனாவிடம் சமையலறையில் மெதுவாகத்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் மெதுவாகச் சொல்ல இடம் கிடையாது. அம்மா கூடத்திலிருந்து கேட்டுவிட்டார்.

“செருப்பு வாசனைன்னாங்களா?”

“அம்மா, அது இன்னான்னு இன்னும் தெரியல.”

“தெரியறதுக்கு இன்னாடா இருக்கு. என் கைதான். பத்தொம்பது வருஷம் ஊறுனது ரெண்டு வருஷத்துல போய்டுமா?”

எழுந்து போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார். சோப்பு, பிறகு எலுமிச்சம்பழம், பிறகு புளி. மீனா போய்க் குழாயை மூடும் வரை நிற்கவில்லை. மறுநாள் காலை உருட்ட வரவில்லை. மீனா கூப்பிட்டதற்கு, “நீயே செய்மா. நான் தொட்டா உங்களுக்குத்தான் பேஜார்” என்றார்.

அறுபது டப்பா போனால் போகட்டும், வேறு ஆர்டர் வரும். ஆனால் அம்மா இப்படியே எழுந்து போய்விட்டால் திரும்ப உட்கார மாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கம்பெனியில் ஒரு ஜோடி ரிஜெக்ட் ஆனால், யார் மேல் தப்பு என்று கேட்பதற்கு முன்பு என்ன மாறியது என்று கேட்பார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். கடலை அதே கடை. சாக்லேட் அதே கட்டி. தெருவில் விற்றதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தோம். டீச்சருக்கு மட்டும் டப்பா. பேக்கிங் சாமான் விற்கும் பாய் ஒருவரிடம் வாங்கியது. பர்ஸ் ஏற்றுமதிக்குச் செய்து மிச்சமான கறுப்பு டப்பா. ஒன்பது உருண்டை கச்சிதமாக உட்காரும்.

“எக்ஸ்போர்ட் மால் தோஸ்த். எடுத்துக்க, கம்மியாப் போட்டுத் தர்றேன்” என்றார். டப்பாவின் உள்ளே ஒட்டிய காகிதம் பளபளப்பாக இருந்தது. அழகைப் பார்த்து மயங்கியவன் நான்தான்.

டப்பாவை எடுத்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை செய்யும்போதும் இரண்டு உருண்டை சாம்பிளாக எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அதையும் முகர்ந்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மீனாவும் முகர்ந்தாள். “எனக்கு சாக்லேட் வாசனைதான் வருது” என்றாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டோம். அவரும் ஷூ கம்பெனி. அவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நாள் முழுவதும் தோலும், அட்டை ஒட்டும் சொல்யூஷனும் முகர்ந்து பழகிய மூக்கு எங்களுடையது. எங்களுக்கு அது வாசனையே இல்லை. எங்கள் தெருவில் தோல் வேலைக்குப் போகாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. நாலு மாதம் புகார் வராததற்குக்கூட அதுதான் காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் தப்பு டப்பாவிலும் இருக்கலாம், கையிலும் இருக்கலாம். எங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

4. நாலு நம்பர்

எங்கள் கம்பெனியில் இரண்டு டேனரியின் தோலை ஒப்பிடும்போது பெயர்ச் சீட்டை மறைத்துவிட்டு நம்பர் மட்டும் போடுவார்கள். பெயர் தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும். அதையே செய்யலாம் என்று தோன்றியது. டீச்சருக்குப் போன் செய்தேன்.

“சனிக்கிழமை வீட்டுக்கு வரலாமா டீச்சர்? ஒண்ணும் வாங்க வேணாம். மோந்து பார்த்துச் சொன்னா போதும்.”

“எனக்கு இன்னா நாய் மூக்கா?” என்று சிரித்தார். “சரி, வா.”

அம்மாவை உருட்ட வைக்கத்தான் பெரும்பாடாகிவிட்டது. “கடைசியா ஒரு தடவை” என்று கெஞ்சிய பிறகு உட்கார்ந்தார். அம்மா பாதி, மீனா பாதி உருட்டினார்கள். அம்மா உருட்டியதில் கொஞ்சம் எவர்சில்வரில், கொஞ்சம் கறுப்பு டப்பாவில். மீனா உருட்டியதும் அப்படியே. மூன்று நாள் வைத்தோம். சனிக்கிழமை காலை மீனா தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி நாலு எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, நம்பர் ஒட்டினாள். எது எது என்று ஒரு சீட்டில் எழுதி, மடித்து, ஸ்டேப்ளர் அடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

கிளம்பும்போது அம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

“நீ எங்கம்மா?”

“என் கையப் பத்திப் பேசப் போறாங்க. நான் இல்லாம எப்டி?”

பஸ்ஸில் டப்பாப் பையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

டீச்சர் வீட்டில் டீ கொடுத்தார்கள். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். டீச்சருக்கு அவர் என் அம்மா என்று மட்டும்தான் தெரியும். யார் உருட்டுகிறார்கள் என்று நான் சொன்னதே இல்லை.

ஒன்றாம் நம்பரைத் திறந்து முகர்ந்தார். “நல்லாருக்கு. கடலை வாசம் வருது.”

இரண்டு. உடனே மூக்கைத் திருப்பினார். “இதான் தம்பி! இதேதான்.”

மூன்றைத் திறந்தார். இரண்டு தடவை முகர்ந்தார். “இதுலயும் இருக்கு.”

நான்கு. “இதுல இல்ல. ஒண்ணும் நாலும் சுத்தம். ரெண்டும் மூணும் செருப்புக் கட.”

சீட்டைப் பிரிக்கப் போனேன். ஸ்டேப்ளர் பின் நகத்தில் குத்தியது. டீச்சரே வாங்கிப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

“ஒண்ணு, அத்தை, எவர்சில்வர். ரெண்டு, நான், கறுப்பு டப்பா. மூணு, அத்தை, கறுப்பு டப்பா. நாலு, நான், எவர்சில்வர்.” நிமிர்ந்தார். “அப்டின்னா டப்பாதானே?”

அம்மா என் பக்கம் திரும்பினார்.

“டேய், உன் டப்பாடா அது! மூணு நாளா புளி போட்டுத் தேச்சி என் கைத்தோலே உரிஞ்சி போச்சி. கெமிஸ்ட்ரி படிச்சானாம்!”

டீச்சருக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்திருக்க வேண்டும். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஒன்றாம் நம்பர் டப்பாவிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“இது நீங்க செஞ்சதாம்மா?”

“ஆமாம்மா.”

“இன்னொண்ணு எடுத்துக்கவா?”

அம்மா முந்தானையிலிருந்து கையை எடுத்து, டப்பாவை அவர் பக்கம் தள்ளினார். “ஒண்ணு எதுக்கு, எல்லாம் உங்களுக்குத்தான்.”

அறுபது டப்பாவும் ஆண்டு விழாவுக்குப் போயின. வேலூரில் கேக் சாமான் விற்கும் கடையிலிருந்து வாங்கிய புது டப்பாவில். பழைய பத்து டப்பாவுக்குப் பதிலாக வேறு பத்து கொடுத்தோம். ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்பும், “தப்பு டப்பாவுல, அத வாங்குனது நான்” என்று நானே போய்ச் சொன்னேன். தோல் கம்பெனிக்காரர் வீட்டில் செய்ததா என்று கேட்டவரும் அங்கே இருந்தார். ஒரு டப்பா தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

5. தெரிந்துகொண்டது

டப்பா, பட்டர் பேப்பர், கவர் எது புதிதாக வாங்கினாலும் உள்ளே நாலு உருண்டை போட்டு மூன்று நாள் மூடி வைக்கிறோம். பிறகு தோல் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து முகரச் சொல்கிறோம். சாக்லேட் பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்; கறுப்பு டப்பாவின் உள்ளே காகிதம் ஒட்டிய சொல்யூஷன் வாசனை அப்படித்தான் ஏறியது. கருவாடு, வெங்காயம், சோப்பு, பெயின்ட் எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். உருட்டும்போது இப்போது கையுறை போடுகிறோம், எல்லோரும்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அந்த மூன்று நாளில் நானும் ஒரு தடவை, அம்மா கையாக இருக்குமோ என்று நினைத்தேன். அந்தக் கை சம்பாதித்த சோற்றைத் தின்று படித்தவனே நினைத்தேன். அது மனதில் கிடந்து அறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உருட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அம்மா தலை நிமிரவில்லை.

“நானே நெனச்சேன். நீ நெனைக்க மாட்டியா? நெனச்சதோட நிக்காம பஸ் ஏறி வந்து பாத்தியே, அது போதும். தட்ட இப்டித் தள்ளு.”

உங்களுக்கும் ஒருநாள் புகார் வரும். வந்த உடனே செய்தவரின் கையைப் பார்க்காதீர்கள். அவரே தன் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார், பிறகு அதை மாற்றுவது கஷ்டம். சாமானைப் பாருங்கள், டப்பாவைப் பாருங்கள், வைத்த இடத்தைப் பாருங்கள், உங்கள் மூக்கையும் நம்பாதீர்கள். எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசியாகக் கைக்கு வாருங்கள். எங்களுக்கு அதுவரை போகவேண்டிய வேலை இதுவரை வரவில்லை.