நாடாவின் எண்

என் கணவர் காலரா கண்டு இறந்த வருடம், வீட்டில் எனக்கென்று மிஞ்சியது ஒரு தையல் மெஷின்தான். சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியிடமிருந்து அவர் வாங்கியது. கையால் சுற்றும் மெஷின். அதன் பெட்டிக்குள் ஒரு படப் புத்தகமும் இருந்தது. மெஷினின் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக வரைந்து, பக்கத்தில் ஓர் எண் போட்டிருப்பார்கள். கணவர் அதைப் பிரித்ததே இல்லை. மிஷன் பள்ளியில் நாலெழுத்து இங்கிலீஷ் படித்திருந்ததால் நான் அவ்வப்போது புரட்டுவேன்.

அவர் இருக்கும்போதே தையல் பழகியிருந்தேன். அவர் போனபின், கிறிஸ்துமஸுக்குப் பள்ளிப் பெண்களின் ரவிக்கைகளைத் தைக்கும் வேலையை மிஷன் அம்மா எனக்குக் கொடுத்தார். அது என் மூத்தாருக்குப் பொறுக்கவில்லை. மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். அவரிடமும் இதே போன்ற மெஷின்தான்.

ஒருநாள் அவராகவே வந்தார். "ஏம்மா, மெஷின் கரகரன்னு கத்திகினு இருக்குதே, தெருவுல போறப்ப கேட்டேன். எண்ணெய் போட்டுத் தரேன், குடு" என்றார். கூடப் பிறந்தவன் போன துக்கத்தில் மனம் இளகிவிட்டது என்று நினைத்துக் கொடுத்தேன். மறுநாளே திருப்பித் தந்தார்.

அன்று முதல் மெஷின் சரியாகத் தைக்கவில்லை. தையல் விட்டுவிட்டு விழுந்தது. நூல் அறுந்தது. பிரித்துப் பிரித்துத் தைத்ததில் துணி நைந்துபோனது. என் கையில்தான் கோளாறு என்று அழுதேன். கடைசியில் மிஷன் அம்மா துணிகளைத் திரும்ப வாங்கி மூத்தாரிடம் கொடுத்துவிட்டார்.

வேலை கைவிட்டுப் போனபின் அந்தப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு மெஷினின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அடிநூலைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் ஓடும் சின்ன இரும்புப் படகு ஒன்று உண்டு. தறி ஊர் இல்லையா, தறியில் குறுக்குநூலைக் கொண்டு ஓடும் நாடாவைப் போல இருப்பதால் நாங்கள் அதையும் நாடா என்றே சொல்வோம். படத்தில் இருந்த நாடாவுக்கு மூக்கு ஊசியாக இருந்தது. என் கையில் இருந்ததற்கு மழுங்கல். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு அதன் முதுகில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தேன். படத்தின் எண் வேறு, இது வேறு. புத்தகம் முழுக்கத் தேடியும் அந்த எண் இல்லை. வேறு ஏதோ மெஷினின் நாடா.

உடனே கடைக்குப் போனேன். "மாமா, என் நாடா எங்க?"

அவர் தலை நிமிரவில்லை. "எந்த நாடா?"

"நம்பர் மாறிப் போயிருக்குது."

கடையில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பொம்பள நம்பர் பாக்குறாளாம். போம்மா, போயி அடுப்பப் பாரு." அப்போது அவர் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது என் நாடாதான். அதன் ஓசை எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். இவரை ஊர் பார்க்கத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

காதுத் தோட்டை விற்று, படத்தின் எண்ணை எழுதி, சென்னைப் பட்டணத்துக் கடை ஒன்றுக்குக் கடிதம் போட்டேன். பார்சல் ரயிலில் வந்தது. களம்பூர் பக்கத்து ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டியில் போய் வாங்கி வந்தேன். புது நாடா சொன்னபடி உட்கார்ந்தது. மெஷின் பழையபடி ஓடியது. பட்டு வியாபாரி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக என்னிடம் வரத் தொடங்கினார்கள்.

நான் காத்திருந்தேன். கல்யாண மாதம் தொடங்கும் நேரத்தில் மூத்தாரின் மெஷினில் துணியைத் தள்ளும் பல் உடைந்தது. அவரிடம் படப் புத்தகம் இல்லை. வாயால் சொல்லி ஆள் அனுப்பினார். வந்த பல் அகலமாக இருந்தது. மறுபடி அனுப்பினார். அதுவும் பொருந்தவில்லை. துணி கொடுத்தவர்கள் கடை வாசலில் நின்று கத்தினார்கள்.

கடைசியில் என் வீட்டுக்கு வந்தார். "அந்தப் பொஸ்தகத்துல நம்பர் இருக்குமாமே. ஜல்தியா சொல்லும்மா. பேஜாரா இருக்குது."

"சொல்றேன் மாமா. ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும், என் நாடாவ என்னா பண்ணீங்கன்னு எல்லார் எதிர்லயும் சொல்லுங்க."

"வூட்டு விஷயத்த வெளியில சொல்லச் சொல்றியா?"

"கடையில வச்சித்தான சிரிச்சீங்க?"

போய்விட்டார். கல்யாண மாதத்தில் பாதி கழிந்தது. அவருடைய துணிகள் ஒவ்வொன்றாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கை ஓயாமல் தைத்தேன். ஒவ்வொரு மடிப்பும் இனித்தது.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் வேப்பமரத்தடியில் நின்றபோது அவர் முன்னால் வந்தார். முகம் கறுத்திருந்தது. "அவ நாடாவ எடுத்தது நான்தான். வேணும்னுதான் மாத்தி வச்சேன்" என்றார். மிஷன் அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. மூத்தாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தவறிவிடக் கூடாதென்று.

எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். சரியான எண்தான். பாதிரியார் அருகில் வந்து, "மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"நம்பர் குடுத்துட்டேன் அய்யா" என்றேன்.

பல் வந்தது, அவர் மெஷினும் ஓடியது. ஆனால் துணி கொடுக்கத்தான் ஆளில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போளூருக்குக் குடிபோனார். நான் வெளியே வந்து, எல்லோரும் பார்க்கும்படி நின்றேன். அவர் திரும்பவில்லை. வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்து கரு கலைந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று தோன்றியபோது வண்டி தெருமுனையைத் தாண்டியிருந்தது.