சில்லுக்கு அடியில் தேசிக்காய்

பெரியப்பாவை நினைத்தால் சேற்றில் நசுங்கிக் கிடந்த ஒரு தேசிக்காய்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஜெர்மனியில், கொலோன் நகருக்கு வெளியே, அறுவடை முடிந்த சோள வயலில், பழைய கார்களை இடித்து நெருக்கி ஓட்டும் ஸ்டாக் கார் பந்தயம் நடக்கும். அப்பாவின் தமையனான பெரியப்பா, எந்த ஓட்டுநர் வெல்வார் என்று முன்கூட்டியே சொல்லுவார். கண்ணை மூடி, உதட்டை அசைத்து, கார்க் கதவில் எழுதியிருக்கும் எண்ணைக் கூட்டுவார். பிறகு அந்தக் காரின் முன்சில்லுக்கு அடியில் ஒரு தேசிக்காயை வைப்பார். புதுக் கார் வாங்கினால் நாங்கள் சக்கரத்துக்கு எலுமிச்சை வைப்போமே, அதுதான். ஜெர்மன் ஓட்டுநர்கள்கூடத் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று அவரைச் சுற்றி நிற்பார்கள். கார் ஏறிப்போன பிறகு அந்தப் புளிப்பு மணமும் எரிந்த எண்ணெயும் சேர்ந்து மூக்கில் ஏறும்.

அவர் சொன்னது பெரும்பாலும் பலித்தது. பலிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கார்களைத் திருத்திய கராச்சில்தான் அவருக்கு வேலை. கிழமை முழுக்க எஞ்சினுக்குக் காதைக் கொடுத்தபடி நிற்பார். எந்தக் கார் இழுக்கிறது, எந்த ஓட்டுநர் வளைவில் பயந்து பிரேக்கை மிதிக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனத்தின் முன்னால் அதை மூச்சுவிடமாட்டார். “எல்லாம் நம்பர் செய்யிற வேலை, தம்பி” என்று பல்லைக் குத்திக்கொண்டு சொல்லுவார். சீ, என்ன மனிதர்! கேட்டவர்களும் வாயைப் பிளந்தார்கள். எந்த நாளில் வீடு மாறுவது, பிள்ளை எந்தத் தொழிலில் அவுஸ்பில்டுங் என்கிற பயிற்சியைச் செய்வது என்றெல்லாம் அவரிடமே கேட்கத் தொடங்கினார்கள். அவரும் கூச்சமில்லாமல் சொன்னார்.

பிறகு அக்காவின் முறை வந்தது. எர்லாங்கனில் வேலை செய்த ஒருவரை அவள் விரும்பினாள். அப்பாவுக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும், “அண்ணை ஒருக்கால் பாத்துச் சொல்லட்டும்” என்றார். எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு மிக்சரை வாய்நிறைய மென்றபடி பெரியப்பா இருவரின் பிறந்த தேதிகளையும் கூட்டினார். “இது ஓடாது. பாதி வழியிலை எஞ்சின் நிண்டிடும்” என்றார். இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருடைய மீசையில் மிக்சர்த் துகள் ஒட்டியிருந்தது. அந்தப் பையனோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா மறுநாளே அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் அக்கா சம்மதிக்கவில்லை. அந்தத் தகரக் கார்களுக்குக் கொடுத்த காதில் பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? எனக்கு அவரை நினைத்தாலே அருவருப்பு. அன்று சிரித்தவர்களை நினைத்தாலும் அப்படித்தான்.

இப்போது பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அமெரிக்காவில் நடக்கும் பந்தயங்களைக் கைபேசியில் பார்த்துவிட்டு, அடுத்த கிழமை யார் வெல்வார் என்று சொந்தக்காரர்களின் குழுவில் அறிவிக்கிறார். எஞ்சின் பக்கத்தில் இல்லாததால் ஒன்றும் சரிவருவதில்லை. ஆனாலும் பதிலுக்குக் கும்பிடும் கைப் படங்கள் வரிசையாக வந்து விழுகின்றன.

போன மாதம் அக்கா புதுக் கார் வாங்கினாள். அழைக்காமலே பெரியப்பா தேசிக்காய்ப் பையோடு வந்து நின்றார். நான்கு சில்லுக்கும் வைத்துவிட்டு, நம்பர் பிளேட்டைப் பார்த்து உதட்டை அசைக்கத் தொடங்கினார். அக்கா ஏறி எஞ்சினை ஸ்டார்ட் செய்தாள். பெரியப்பாவுக்குப் பழக்கம் விடவில்லை. கூட்டுவதை மறந்து, குனிந்து காதைக் கொடுத்தார். அவர் முகம் மலர்ந்தது.

“நல்ல எஞ்சின், பிள்ளை. ஒண்டுக்கும் யோசியாதை” என்றார்.

“அண்டைக்கும் இப்பிடி ஒருக்கால் காது குடுத்திருக்கலாம், பெரியப்பா” என்றாள் அக்கா.

இறங்கி வந்து, நான்கு தேசிக்காயையும் பொறுக்கி அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்ப ஏறினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்து அக்காவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். கார் திரும்பும்போது, நசுங்காத தேசிக்காய்களை ஏந்தியபடி அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.