‘பெட்டர்’ பிரித்துப்போட்ட தையல்

பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் தெரியாத வார்த்தைகளால் ஒரு தொல்லையும் வராது. தெரிந்த வார்த்தைகள்தான் கழுத்தை அறுக்கும். டியூஷன் எடுத்துத் தொண்டை கட்டிய சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

நான் மாட்டுங்காவிலிருந்து தாராவிக்குப் போய் மாலை வகுப்பு எடுக்கிறவள். என் மாணவர் மைதீன் பாய்க்கு ஐம்பத்தைந்து வயது, சொந்தமாகத் தோல்பைப் பட்டறை. லண்டன் வாடிக்கையாளரோடு பத்து வருஷமாக ஒரு ஏஜென்ட் மூலமாகத்தான் பேச்சு. இங்கே ஒன்று, அங்கே ஒன்று சொல்லும் ஆசாமி. அடுத்த ஆர்டரை பாயிடமே நேரடியாகத் தரலாமா என்று வீடியோ காலில் பேசிப் பார்த்து முடிவு செய்வதாக லண்டன்காரர் சொல்லியிருந்தார். “அதுக்குள்ள என்னையப் பேச வச்சிருங்க, டீச்சர்.”

தேடச் சொல்லலாமா?

முதல் மெயிலில் பைகளின் படங்களை இணைத்து, ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்’ என்று போடச் சொன்னேன். ‘ஃபைண்ட்’ என்றால் கண்டுபிடிப்பது என்று பாய்க்குத் தெரியும். உலகமே இப்படித்தான் எழுதுகிறது என்றேன். அசையவில்லை.

“அனுப்புதது நாமல்லா? அத அவரு எதுக்கு டீச்சர் தேடணும்? கையில குடுக்கோம்னு எழுதுங்க.”

குட், பெட்டர், பெஸ்ட்

இந்தப் பாடம் நடத்திய மறுநாளே லண்டனிலிருந்து மெயில். மாதிரிப் பையைப் பார்த்துவிட்டு, ‘த ஸ்டிச்சிங் குடன்ட் பி பெட்டர்’ என்று எழுதியிருந்தார். இதைவிட நல்ல தையல் இருக்கவே முடியாது என்ற பாராட்டு. நான் பட்டறைக்குப் போனபோது, லண்டனுக்கு அனுப்பத் தயாராக இருந்த பத்துப் பைகளின் தையலையும் பாய் பிரித்துப்போட்டிருந்தார்.

துணி என்றால் மறுபடி தைத்துவிடலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான். சொன்ன தேதிக்குச் சரக்கு போகாது. அது பாராட்டு என்று பாயிடம் விளக்கினேன். ஏஜென்டையே கூப்பிட்டுவிடலாமா என்றுகூடக் கேட்டேன். பாய் புதுத் தோலை விரித்து அளவெடுக்க ஆரம்பித்தார்.

“பெட்டர்னா இன்னும் நல்லதுன்னு நீங்கதான சொன்னிய? ‘குடன்ட்’டுக்குள்ள ‘நாட்’ வேற கெடந்துச்சு, கோவமா இருக்காருன்னு நெனச்சிட்டேன். இருக்கட்டும். என் தப்ப நானே சொல்லுதேன், ஏஜென்ட் பேச்சே வேண்டாம்.”

கால் விவகாரம்

வீடியோ காலில் பாய் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்: ‘சார், யூ சே பெட்டர், ஐ ஓபன் டென் பேக். ஒன் வீக் லேட். மை மிஸ்டேக்.’ லண்டன்காரரால் நம்ப முடியவில்லை. ‘ஆர் யூ புல்லிங் மை லெக்?’ என்றார். விளையாடுகிறீர்களா என்று அர்த்தம். அதை நான் நடத்தவில்லை. ஆனால் ‘புல்’, ‘லெக்’ இரண்டும் பாய்க்குத் தெரியும். நமக்குக் காலை வாருவது என்றால் துரோகம். முகம் சிவந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் எழுந்தே நின்றுவிட்டார்.

“நோ சார். ஐ நெவர் புல் லெக். ஏஜென்ட் புல் லெக், டென் இயர். யுவர் லெக், மை லெக், போத்.”

லண்டன்காரர் வயிறு குலுங்கச் சிரித்து, ஒரு வாரத் தாமதத்தையும் பொறுத்துக்கொண்டு, ஆர்டரை பாயிடமே கொடுத்துவிட்டதால், அந்தப் பேச்சிலிருந்த இலக்கணப் பிழைகளில் ஒன்றைக்கூடத் திருத்த இங்கிலீஷ் டீச்சரான எனக்கு இன்னும் மனசு வரவில்லை.