கலவை அறைச் சன்னல்

முதலில் வந்தது இருமல்கூட இல்லை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து வீடு திரும்பக் கொம்யூட்டர் ரயிலில் உட்கார்ந்தால், சுபாங் ஜெயா தாண்டும்போது நெஞ்சை யாரோ சேலையால் இறுக்கிக் கட்டுவதுபோல இருக்கும். கிள்ளான் வருவதற்குள் மூச்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல எழுந்து வேறு இருக்கை தேடுவார்கள். ரயிலின் ஏர்கோன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இதழில் இதைப் படிக்கிற சிலருக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்கும். உங்களுக்காக எழுதுகிறேன். இன்னொருவருக்காகவும் எழுதுகிறேன். அவர் யார் என்பது போகப்போகத் தெரியும். நல்ல மனசோடு எழுதுகிறேன் என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சிகையலங்காரம் என் தொழில். பிரிக்பீல்ட்ஸில் முதல் மாடியில் இருக்கும் ஒரு சலூனில் பல வருடம் வேலை பார்த்தேன். முடிக்கு வண்ணம் ஏற்றுவதற்கு முன் அதன் கறுப்பை எடுக்க வேண்டும். அதற்கு ப்ளீச் பவுடரை க்ரீமோடு சேர்த்துக் கிண்ணத்தில் கலக்குவோம். டப்பாவைத் திறந்ததுமே வெள்ளைத் தூசு எழும்பி மூக்கில் ஏறும்.

கலப்பதற்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதில் ஒரே ஒரு சன்னல். ஏர்கோன் குளிர் வெளியே போகிறது என்று எங்கள் முதலாளியம்மா அதை ஆணியடித்து மூடி, மேலே வெள்ளைப் பெயிண்டும் பூசிவிட்டார். அவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பண்டமாரானில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் ஆஸ்துமா என்றார்கள். இன்ஹேலர் (மருந்தை மூச்சுக்குழாய்க்குள் நேராக அனுப்பும் குப்பி) கொடுத்தார்கள். இரைப்பு முற்றுவது வீட்டில் என்பதால் கேள்விகளும் வீட்டைப் பற்றியே வந்தன. கம்பளத்தைச் சுருட்டினோம். திரைச்சீலைகளைக் கழற்றினோம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தினோம். கடைசியில் பழி பூனைமேல் விழுந்தது. எங்கள் பூனை மணியைக் கூடையில் போட்டுத் தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அது வழியெல்லாம் கத்தியது. மறுநாளும் மூச்சிரைப்பு வந்தது.

சலூனில் பகல் முழுக்க நான் நன்றாகத்தான் இருப்பேன். அதுதான் எனக்கு வினையாகப் போனது.

"பகல் பூரா வாய் ஓயாம பேசுற. வீட்டுக்குப் போனா மட்டும் மூச்சு வரலையா? எம்.சி. எடுக்க நல்லா நடிக்கிறடி" என்றார் மேடம். எம்.சி. என்பது மருத்துவ விடுப்புச் சீட்டு. வாடிக்கையாளர் ஒருவரின் தலையை வாரிக்கொண்டே, கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார். கண்ணாடிக்குள் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தச் சன்னலயாவது தெறந்து விடுங்க மேடம்" என்றேன்.

"மத்த பொண்ணுங்க யாராச்சும் கேக்கறாங்களா? உனக்கு மட்டும் என்னா?"

ஒரு சாயங்காலம் கிள்ளான் நிலையத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உதடு நீலமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். யாரோ ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறார்கள். வார்டில் இருந்து வெளியே வந்து சலூனுக்குப் போனபோது என் நாற்காலியில் வேறொரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள்.

வேலை போனதைக்கூட விழுங்கியிருப்பேன். கிள்ளானில் இன்னொரு சலூனில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்தக் கடைக்கார அக்கா வாசலிலேயே கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"கோவிச்சுக்காதம்மா. ஒனக்கு டி.பி.ன்னு ஒன் பழைய கடையில சொல்றாங்களே?"

டி.பி. (காசநோய்) எனக்கு இல்லை. எக்ஸ்ரேயும் சளிச் சோதனையும் சுத்தமாக வந்திருந்தன. அந்தத் தாள்களைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் தொடவே இல்லை.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? டி.பி. என்று கதை கட்டிவிட்ட மேடத்தின் கடை நாசமாய்ப் போக வேண்டும் என்று மனசார நினைத்தேன். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் கணவர், "யாருகிட்டடி பேசுற?" என்று அடுப்படிக்குள் எட்டிப் பார்ப்பார்.

கோலாலம்பூரில் ஒரு போதனா மருத்துவமனைக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே டாக்டர் சிவரஞ்சனி, கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நெஞ்சில் குழாயை வைப்பதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்டார்.

"லீவு நாள்ல எப்படிம்மா இருக்கும்?"

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. யோசித்தேன். கணவரின் சொந்த ஊரான சுங்கை பட்டாணிக்குப் போனபோதெல்லாம் இன்ஹேலர் பையைவிட்டு வெளியே வந்ததே இல்லை. சலூனை விட்ட பிறகு நன்றாகத் தூங்குகிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அவர் சொன்னது இதுதான். சிலருக்கு வேலையிடத்துப் பொருள் ஒன்று மூச்சுக்குழாய்க்குப் பகையாகிவிடும். தொழில்சார் ஆஸ்துமா (வேலையிடத்துக் காற்றால் வரும் மூச்சிரைப்பு) என்று அதற்குப் பெயர். ப்ளீச் பவுடரில் இருக்கும் பெர்சல்ஃபேட் உப்பு அப்படிப்பட்ட பொருள். சந்தேகத்தை உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. பாதுகாப்பான அறையில், மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதே பவுடரைக் கொஞ்சமாக நானே மறுபடி கலக்க வேண்டும். பிறகு நாள் முழுக்க ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சோதனை) செய்து பார்ப்பார்கள்.

"அட்டாக் வரலாம். அதுக்கு மருந்தோட நாங்க பக்கத்துலயே இருப்போம். நீங்களும் எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம்."

"வரட்டும் டாக்டர். வரணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யார்மேலயோ உள்ள கோவத்துல வராதீங்க. இது உங்களுக்கு என்ன மருந்து, இனி என்ன வேலைன்னு தெரிஞ்சுக்க."

தலையாட்டினேன். கோபத்தில்தான் போனேன்.

சோதனைக்கு முந்தைய நாள் கணவர் தம் பங்குக்கு யோசனை சொன்னார். "கொஞ்சம் மெதுவா ஊது லா. நம்பர் தானா எறங்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியும். மேடம் சொன்ன சொல் நடிப்பு. நான் மெதுவாக ஊதினால் அந்தச் சொல் உண்மையாகிவிடும். உயிரைக் கொடுத்து ஊத வேண்டும், ஊதியும் எண் இறங்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

முதல் நாள் வெறும் மாவு போன்ற ஒரு பவுடரைக் கொடுத்தார்கள். எந்தப் பொடி என்று எனக்குச் சொல்லக் கூடாதாம். கிண்ணத்தைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் கலக்கியவளுக்கா தெரியாது? அன்று எதுவும் ஆகவில்லை. அப்படி ஒரு நாளும் வேண்டும் என்றார் டாக்டர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

மறுநாள் அசல் பவுடர். கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறை. மூடியைத் திறந்ததும் அதே நெடி. கை தானாகக் கலக்கத் தொடங்கியது. வெளியே வந்ததும் கக் நோர் என்ற மலாய்க்காரத் தொழில்நுட்பப் பணியாளர் என் மூக்கில் கிளிப்பை மாட்டினார். "தியுப்! லாகி, லாகி, லாகி!" ஊது, இன்னும், இன்னும் என்று பிரசவ வார்டுபோலக் கத்தினார். ஊதினேன். எண் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. அசையவில்லை. மதியம் சோறு இறங்கவில்லை. நெஞ்சு இவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நன்றாக மூச்சு வருகிறதே என்று அழுத நோயாளி அந்த வார்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மேடம் சொன்னது சரியோ, எல்லாம் என் மனப்பிரமைதானோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

"பொறுங்கம்மா, இன்னும் நாள் முடியல" என்றார் டாக்டர்.

வழக்கமாக நான் வேலை முடிந்து ரயில் ஏறும் நேரம் நெருங்கியது. முதலில் தொண்டையில் ஒரு அரிப்பு. பிறகு நெஞ்சை இறுக்கும் அந்தச் சேலை. கக் நோர் கத்திக்கொண்டே இருந்தார், நான் கண் பிதுங்க ஊதினேன். திரையில் கோடு கீழே போனது. அடுத்த முறை இன்னும் கீழே. தாமத எதிர்வினை (தூசு உள்ளே போய்ப் பல மணி நேரம் கழித்து மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குவது) என்று டாக்டர் விளக்கினார். பகலில் சலூனில் வாங்கிய அடிக்கு என் உடம்பு சாயங்காலம் வலித்திருக்கிறது. ரயிலும் கம்பளமும் பூனையும் வீணாகப் பழி சுமந்திருக்கின்றன.

நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி) மாட்டிவிட்டார்கள். டாக்டர் திரையைக் காட்டினார். "ஒவ்வொரு தடவையும் அடுத்தடுத்து ஊதுனது ஒண்ணுபோல இருக்கு பாருங்க. நடிச்சு இப்படி ஊத முடியாது."

நான் முகமூடிக்குள் சிரித்தேன்.

"என்னாடி இது, மூச்சே வரல, சிரிக்கிற?" என்று கணவர் பயந்துபோனார்.

மூச்சு சீரானதும் மீதியையும் சொன்னார்கள். முகக்கவசம் போட்டாலும் இனி அந்தப் பவுடர் இருக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. தினமும் தடுப்பு இன்ஹேலர் (வீக்கத்தை அடக்கி வைக்கும் மருந்து) எடுக்க வேண்டும், நன்றாக இருக்கும் நாளிலும். நான் ஜெயித்த அன்றே என் தொழில் போனது. இப்போது கல்யாண வீடுகளில் மணப்பெண்ணுக்குச் சேலை கட்டிவிடுகிறேன், பூ வைத்துப் பின்னல் போடுகிறேன். தலைக்கு வண்ணம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லும்போதெல்லாம் மேடத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

சோதனை முடிவோடு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் அந்தக் கண்ணாடிக்கு எதிரே நின்று படித்துக் காட்டுவதாகத் திட்டம். பாதிப் படியிலேயே நெடி அடித்தது, இப்போது உள்ளே போனால் சாயங்காலம் இழுக்கும் என்று புரிந்தது. இறங்கிவிட்டேன். கீழே அஞ்சடி நடைபாதையில் நின்று போன் செய்து, அவரைக் கீழே வரச் சொன்னேன்.

மேடம் வந்தார். தாளை மேலோட்டமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "ஒன் ஒடம்பு வீக்கு. அதுக்கு என் கடைமேல பழிய போடாத." சொல்லி முடிப்பதற்குள் இருமினார். வறட்டு இருமல். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். எனக்கு அந்த இருமலை நன்றாகத் தெரியும்.

"எத்தன நாளா மேடம்?"

"டஸ்ட் லா. கீழ ரோடு நோண்டுறாங்க."

"லீவு நாள்ல எப்படி இருக்கும்?"

"லங்காவி போனப்போ ஒண்ணும்..." பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கலவை அறையில் இப்போது அவரும் நிற்கிறார் போலிருக்கிறது. இரண்டு பெண்கள் வேலையை விட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

டாக்டரின் பெயரை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எம்.சி. எடுக்க நல்லா நடிக்கிறீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். கிள்ளான் வரும்வரை அந்த வாக்கியம் கரும்பாக இனித்தது. அதற்காக எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

இப்போதெல்லாம் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் சன்னல் எங்கே என்றுதான் பார்க்கிறேன். மதியம் உள்ளே போன காற்று நல்லதா கெட்டதா என்று சாயங்காலம்தான் எனக்குத் தெரியும். அதனால் என் நாள் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே நடக்கிறது. மணியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். அது இன்னும் என் மடியில் ஏறவில்லை.

வேலை நாளில் மூச்சு இரைத்து, விடுமுறையில் தணிந்தால் அதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்த காலத்தில் மூச்சுக்குழாயில் கெட்டுப்போனது முழுதாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இனி அந்த இன்னொருவருக்கு. மேடம், இந்த இதழை வாங்கி வாடிக்கையாளர் உட்காரும் சோபாவில் போட்டு வைக்கிறவர் நீங்கள். உங்கள் பெயரை நான் எழுதவில்லை. ஆணியடித்து வெள்ளைப் பெயிண்ட் பூசிய சன்னல் எந்தக் கடையில் இருக்கிறது என்று இதைப் படிக்கிறவர்கள் எட்டிப் பார்த்தாலே போதும். உங்கள் இருமலுக்கும் அதே சோதனை இருக்கிறது, முழு பலத்தோடு ஊதுங்கள். நான் சொல்கிறேன் என்பதற்காகவே செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

சன்னலைத் திறங்கள் மேடம்.