தோப்பில் திறந்த ஷாம்பேன்

ஐம்பதுகளின் கடைசியில், கீழக்கரையில் ஒரு சங்கு வியாபாரியிடம் நான் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். மிளகாய்க் காட்டுக்காரனுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி சொல்வாள். அந்த ஒரு நாளில் நான் பட்ட பாட்டை நீங்கள் பட்டிருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும்.

எங்கள் முதலாளியிடம் வருஷா வருஷம் சங்கு வாங்க ஒரு பிரெஞ்சுக்காரர் வருவார். புதுச்சேரியில் வெகுகாலம் இருந்தவர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. எல்லோருக்கும் அவர் துரை. புதுச்சேரி நம்மோடு சேர்ந்துவிட்டது, அவருக்கும் வயதாகிவிட்டது, ஊருக்கே போய்விடுகிறேன் என்று விடைபெற வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. வைக்கோலில் சுற்றிய ஒரு ஷாம்பேன் போத்தலோடு வந்தார்.

அது சாதாரணப் போத்தல் இல்லையாம். திராட்சை அபாரமாக விளைந்த வருஷத்துக்கு மட்டும்தான் அதன் மேல் வருஷத்தைப் போடுவார்களாம். இதில் போட்டிருந்தது, துரை முதன்முதலாக எங்கள் முதலாளியைப் பார்த்த வருஷம். இத்தனை காலமும் ஒற்றைப் போத்தலாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாராம். அதை முதலாளியோடு உட்கார்ந்துதான் குடிப்பேன் என்கிறார்.

முதலாளியோ ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர். துரைக்கும் அது தெரியாமல் இல்லை.

"நீங்க இதைத் தொட வேணாம் பாய். நான் குடிக்கறப்ப பக்கத்துல இருந்தா போதும். ரெண்டு கிளாஸ் கொண்டாந்திருக்கேன். ஒண்ணுல எனக்கு இது. இன்னொண்ணுல உங்களுக்குப் பிடிச்சதை ஊத்திக்குங்க."

முதலாளி கண் கலங்கிவிட்டார். கலங்கிய கையோடு என் பக்கம் திரும்பி, "கணக்குப்பிள்ளை, சாயங்காலம் ரயிலுக்குப் போற மனுசன். இனி வரவா போறாரு? ஒரு குறையும் இல்லாம நீங்கதான் பாத்துக்கிடணும்" என்றார். பிடித்தது சனி.

முதலில் இடம். முதலாளி வீட்டுக்குள் அது நுழையக் கூடாது, நியாயம். சங்கைக் குவித்து வைக்கிற கிட்டங்கியில் வைக்கலாம் என்றால் அங்கே சங்குச் சதை அழுகிய நாற்றம் குடலைப் பிடுங்கும். என் வாடகை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "சாராயப் போத்தல் வாசப்படி ஏறுச்சுன்னா, நான் கமுதி பஸ்ஸு ஏறிருவேன்" என்றாள். மதுவிலக்கு இருந்த காலம் வேறு. துரையிடம் பர்மிட் இருந்தது. ஆனால் போத்தலைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நானல்லவா? கடைசியில் ஊருக்கு வெளியே முதலாளியின் தோப்பில் இருந்த ஓலைக் கொட்டகை என்று முடிவாயிற்று.

அடுத்தது ஐஸ். நன்றாகக் குளிர வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். மண்டபம் ஊரிலிருந்து உமி போட்டுச் சாக்கில் சுற்றி வந்து இறங்கியது. பிரித்தால் சாளை மீன் நாற்றம்! மீனுக்குப் போட்டு மிச்சமான ஐஸை என் தலையில் கட்டிவிட்டான் ஐஸ்காரப் புண்ணியவான். துரை இந்தச் சரக்கை முதலில் மூக்கால்தான் குடிப்பாராம், அப்புறம்தான் வாயாலாம். ஆளை விரட்டி ராமநாதபுரத்திலிருந்து வேறு ஐஸ் வரவழைத்தேன். பாதி வழியிலேயே கரைந்து, வந்தது ஒரு வாளி.

பிறகு துரை எனக்குப் பாடம் எடுத்தார். போத்தலைக் குலுக்கக் கூடாது. தக்கையைத் திருகக் கூடாது. தக்கையைப் பிடித்துக்கொண்டு போத்தலைத் திருப்ப வேண்டும். 'டப்' என்று வெடித்தால் அது பட்டிக்காட்டுத்தனம். கிளாஸைச் சாய்த்து மெல்ல ஊற்ற வேண்டும். அடியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி ஏறும், அந்தக் குமிழிதான் அதற்கு உயிர். இத்தனையையும் நான் தலையாட்டிக் கேட்டேன். கொட்டகை ஓரத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த சமையல்காரரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். கை மணக்கச் சமைப்பார், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. இந்தச் சரக்குக்குக் காரம் ஆகாது, இறாலை உப்பும் நெய்யும் மட்டும் போட்டு வறுத்தால் போதும் என்று துரை கேட்டிருந்தார். காக்காவுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"விருந்தாளிக்கு மொளகா இல்லாம இறாலா? நோயாளிக்கா ஆக்குறேன்? ஊரு சிரிக்கும் கணக்குப்பிள்ளை!"

மிளகாய்ப் பொடி டப்பாவைப் பிடுங்கி என் மடியில் கட்டிக்கொண்ட பிறகுதான் இறால் வெள்ளையாக வெந்தது. போன வருஷம் இவர் ஆக்கிப்போட்ட விருந்தைத் தின்றுவிட்டு துரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும், இவரே பதறிப்போய் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்ததையும் அப்போது நான் சொல்லிக் காட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

உச்சிப் பொழுது சாய்ந்ததும் துரை தாமே போத்தலைத் திறந்தார். ஒரு சின்னப் பெருமூச்சு மாதிரிதான் சத்தம் வந்தது. தமது கிளாஸில் ஒரு விரல்கடை ஊற்றி முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வாதுமை வறுத்த வாசனையும் பழைய தேன் வாசனையும் வருகிறதாம். குமிழி மட்டும் ஊசிமுனை போலப் பொடியாக, நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. குடிக்காத எனக்கே அழகாகத்தான் இருந்தது.

சரியாக அந்த நேரம் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். முதலாளி சங்கடத்தோடு எழுந்தார்.

"போயிட்டு வாங்க பாய். நீங்க வந்து உக்காந்தப்புறம்தான் முதல் வாய்" என்றார் துரை. கிளாஸில் இருந்ததைக்கூடக் குடிக்கவில்லை. போத்தலின் வாயைத் துணியால் அடைத்து ஐஸில் வைத்துவிட்டுக் கடல் பக்கம் காலாற நடந்தார். முதலாளியின் கிளாஸுக்குப் பதநீர் என்று ஏற்பாடு. தோப்பின் அந்தக் கோடியில் பனையேறி வைத்திருந்த கலயத்தை வாங்கிவர நான் போனேன். போனது அவ்வளவு நேரம்கூட இல்லை!

திரும்பி வந்தால், காக்கா கொட்டகை நடுவில் நிற்கிறார். மூக்கைச் சுற்றித் துண்டு. இரண்டு கையிலும் டீ ஆற்றுகிற பெரிய குவளைகள். வலது கை தலைக்கு மேலே, இடது கை இடுப்புக்குக் கீழே. துரை பொத்திப் பொத்தி வைத்திருந்த ஷாம்பேன், ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு அருவியாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. போத்தலும் காலி, துரையின் கிளாஸும் காலி. ஆற்றோ ஆற்று என்று ஆற்றி, நுரையெல்லாம் செத்து, மஞ்சள் தண்ணீராகக் கிடந்தது.

"அடப் பாவி மனுசா!" என்று நான் போட்ட கூச்சலில் கடலோரம் நின்ற துரை ஓடி வந்தார். தொழுகை முடிந்து முதலாளியும் வந்து சேர்ந்தார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். துரை குவளையை வாங்கிப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை.

"ஏன் காக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"தொரைக்கு வாயுத் தொந்தரவு இருக்குல்ல? அது உள்ள இருந்து புசுபுசுன்னு பொங்கிக்கிட்டே கெடந்துச்சு. போற வழியில ரயில்ல நெஞ்சைப் பிடிச்சா யாரு இருக்கா, ஓமத் தண்ணி வைக்க? அதான் வாயு போற மட்டும் ஆத்துனேன். எங்களுக்கு ஹராம், தொடப்படாது. தொட்டுட்டேன். அல்லா மன்னிக்கணும்" என்ற காக்கா, கையை உடம்போடு ஒட்டாமல் தள்ளியே வைத்துக்கொண்டிருந்தார்.

ஏசிக்கொண்டிருந்த நான் பதநீர்க் கலயத்தைக் கீழே வைத்தேன்.

துரை அந்தத் தண்ணீரைக் கிளாஸில் ஊற்றினார். முகர்ந்தார். "போச்சு" என்றார் ஒளிக்காமல். பிறகு இன்னொரு கிளாஸை எடுத்துக் காக்காவிடம் நீட்டி, முதலாளிக்குப் பதநீர் ஊற்றச் சொன்னார். காக்கா மண் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, பழக்க தோஷத்தில் கலயத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றினார். கிளாஸ் விளிம்பு வரை வெள்ளை வெளேரென்று நுரை நின்றது.

துரை இரண்டு கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"நுரையெல்லாம் உங்க பக்கம் வந்துருச்சு பாய்!"

முதலாளி பதநீரைக் குடித்தார். துரை ஆறிப்போன ஷாம்பேனை இறாலோடு கடைசிச் சொட்டு வரை குடித்தார். சாயங்காலம் ரயிலடியில் என்னிடம் சொன்னார்: "என் ஊர்ல இதை ஊத்திக் குடுக்கத் தெரிஞ்சவன் ஆயிரம் பேர் இருக்கான். எனக்கு நெஞ்சு வலிக்குமேன்னு யோசிக்கிறவன் ஒருத்தன்கூட இல்லை." அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

இருந்தாலும் எனக்குக் காக்கா மேல் இருந்த கோபம் முழுசாகத் தீரவில்லை. கேட்டிருக்கலாம் அல்லவா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

இப்போது எனக்கு அந்தத் துரையின் வயது. நெஞ்சைப் பிடிக்கிற அதே வாயுக் கோளாறு. ஆசையாகச் சோடா கேட்டால், என் மருமகள் அதை இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, காற்றெல்லாம் போன பிறகு கொண்டுவந்து வைக்கிறாள். "இதுக்குக் கெணத்துத் தண்ணியவே குடுத்திருக்கலாமே!" என்று வீடு அதிரக் கத்துகிறேன். கத்திவிட்டு, எனக்காக ஒருத்தி மெனக்கெட்டு ஆற்றியதாயிற்றே என்று, அன்றைக்குத் துரை குடித்தது போலவே கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைக்கிறேன்.