சி.டி.யில் கிடந்த பதினோரு கதைகள்

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டரை முதலில் தொட்ட ஆள் நான். மற்றவர்கள் அதன் பக்கத்தில் தண்ணீர் டம்ளரை வைக்கவே பயந்த காலத்தில், நான் அதில் விடுப்புப் பட்டியல் போட்டுக் காட்டினேன். ஓய்வு பெறும் நாள்வரைக்கும் இதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு நடந்த கோளாறுக்கெல்லாம் இந்தப் பெருமைதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது என் மனைவி கூக்கால் என்ற மலைக்கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பஸ் ஒன்றிரண்டுதான் என்பதால் திங்கட்கிழமை காலையில் போனால் வெள்ளிக்கிழமை மாலைதான் கொடைக்கானல் திரும்புவாள். குளிர் ஐந்து மணிக்கே கதவைச் சாத்த வைத்துவிடும் ஊர் கூக்கால். சாயங்காலங்களைக் கழிக்க, தன் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கதை எழுத ஆரம்பித்தாள். மூன்று வருடத்தில் பதினோரு கதைகள், இரண்டு பெரிய நோட்டுகள். வெள்ளிக்கிழமை அவள் பையில் ஒரு கட்டு மலைப்பூண்டும் நோட்டும் இருக்கும். பூண்டை எடுத்து அடுக்களையில் கட்டித் தொங்கவிடுவேன். நோட்டை மேஜைமேல் வைப்பேன்.

கதைகளை டைப் செய்து வைக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒருவர் டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, மனு, திருவிழா நோட்டீஸ் எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பார். அவரிடம் நோட்டுகளைக் கொடுத்தேன். கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா அழைப்பிதழையும் அதே மாதம் அவரிடமே அடித்தோம். எல்லாவற்றையும் ஒரே சி.டி.யில் போட்டுக் கொடுத்தார். வீடு மாற்றும்போது அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டருக்குள் போனது அழியாது என்பது என் சித்தாந்தம். புது வீட்டுக்குப் பழைய தாள் எதற்கு? மனைவியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்லும்படி அதில் ஏதாவது இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மகள் பிறந்தாள். மனைவிக்கு டவுனுக்கே மாற்றல் கிடைத்தது. கதைகள் பேச்சில்கூட வராமல் போயின.

இருபத்து நான்கு வருடம் கழித்து, போன பொங்கல் முடிந்த வாரம், மதுரையிலிருந்து மனைவியின் தோழி போன் செய்தார். ஆசிரியப் பயிற்சியில் ஒன்றாகப் படித்தவர், இப்போது குழந்தைகள் புத்தகம் போடும் சின்னப் பதிப்பகம் நடத்துகிறார். கூக்கால் கதைகளை இன்னும் வைத்திருக்கிறாயா, சித்திரைக்குள் அனுப்பினால் பள்ளி திறக்கும்போது புத்தகமாக்கிவிடலாம் என்றார். மனைவி போனை வைத்த பிறகும் அதே இடத்தில் நின்றிருந்தாள். அடுப்பில் பால் பொங்கியது. அவள் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை நடக்காத விஷயம் அது.

சி.டி. பீரோவில் பட்டாவோடு பத்திரமாக இருந்தது. என் லேப்டாப்பில்தான் அதைப் போடுவதற்கு இடமில்லை. புது லேப்டாப்புகளில் அந்த வாயை மூடிவிட்டார்கள். பழைய அலுவலகத்துக்குப் போய், மூலையில் ஓய்ந்து கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டு, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். அங்கே இருந்தவர்களிடம் இந்த அறையில் கம்ப்யூட்டரை முதலில் தொட்டது யார் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்தேன். கோப்பு உடனே திறந்தது. பழைய பதிப்பில் செய்த கோப்பு, சில அமைப்புகள் மாறியிருக்கலாம் என்று மேலே ஒரு மஞ்சள் பட்டை பணிவாகச் சொன்னது. அதற்குக் கீழே பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, டாலர் குறி, கேள்விக்குறி. ஒரு வரிகூடத் தமிழ் இல்லை.

எனக்கு விஷயம் புரிந்தது. அந்த நாளில் தமிழ் அடிப்பது என்பது ஒரு வேஷம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். கடைக்காரர் வைத்திருக்கும் எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி மாட்டிவிடும். அந்த எழுத்துரு அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. சி.டி.யில் கதை வந்தது, முகமூடி வரவில்லை. பிரவுசிங் சென்டரில் இலவச மென்பொருளில் திறந்தால் அதே குப்பை, பக்கங்கள் மட்டும் கூடிவிட்டன. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளுக்கு அனுப்பினேன். அவள் போனில் வெறும் கட்டங்கள். இணையத்தில் கிடைத்த பழைய தமிழ் எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் தமிழ் எழுத்தாகவே வந்தது, ஆனால் ஒரு சொல்லும் வாயில் நுழையவில்லை. அதை நான் சத்தமாக வாசித்துக் காட்டியதும் மனைவி சிரித்துவிட்டாள்.

சிரித்துக்கொண்டேதான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"ஃபைலு தொறக்கலன்னா விடுங்க. அந்த நோட்டு ரெண்டும் கெடக்குல்ல. அதப் பாத்து வெரசா மறுபடி அடிச்சிரலாம்."

நோட்டு என்று இரண்டு இருந்ததே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பரணில் கிடக்கும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். கல்யாணம் ஆகி அத்தனை வருடத்தில் நான் அவளிடம் சொன்ன சின்னப் பொய்களுக்குக் கணக்கில்லை. இந்த ஒன்றுதான் சின்னதாக இல்லை. உலகத்தில் அந்தப் பதினோரு கதைகளுக்கு வேறு பிரதி கிடையாது. அவற்றைக் கொன்றவன் நான்.

மறுநாள் டி.டி.பி. கடையைத் தேடிப் போனேன். அதே இடத்தில் இப்போது ஹோம்மேட் சாக்லேட் கடை. கடைக்காரரும் அவரேதான், தலை மட்டும் நரைத்திருந்தது. அந்த எழுத்துருவை மதுரையில் ஓர் அச்சகத்துக்காரரிடமிருந்து பிளாப்பியில் வாங்கி வந்ததாகவும், தன் கைக்கு வசதியாகச் சில எழுத்துகளைத் தானே இடம் மாற்றி வைத்துக்கொண்டதாகவும் பெருமையாகச் சொன்னார். அதனால்தான் எந்த எழுத்துருவும் பொருந்தவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் ரொம்ப நாள் இருந்துச்சுங்க சார். ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் சுத்தம் பண்ணுவோம்ல. ஒரு வருசம் அதுக்குள்ளயும் சுத்தமா இருக்கட்டும்னு ஃபார்மட் போட்டுத் தொடச்சுட்டேன். தொடச்சு, பொட்டு வச்சு, பொரிகடலை வச்சுத்தான் கும்பிட்டோம். மறுநா வந்து தொறந்தா தமிழே இல்ல."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவராவது சாமி கும்பிடுவதற்காகத் துடைத்தார். நான் அலமாரியில் இடம் வேண்டும் என்று துடைத்தேன். அவர் கையில் திணித்த சாக்லேட்டை மென்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டு நாள் பரணில் ஏறி நோட்டைத் தேடுவதுபோல் நடித்தேன். மூன்றாம் நாள் பென் டிரைவில் இருந்த கோப்புகளைச் சும்மா எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு இருந்தன. பன்னிரண்டாவது எங்கள் புதுமனை புகுவிழா அழைப்பிதழ். அதுவும் குப்பையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் அச்சடித்த பிரதி வீட்டில் இருந்தது. முதல் அழைப்பிதழை மஞ்சள் தடவிப் பழனியில் முருகன் பாதத்தில் வைத்து வாங்கி வந்து, பூஜை அலமாரியில் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தோம். எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கார்டில் முதல் எழுத்து இது, திரையில் முதல் குறி இது. அப்படியானால் இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று ஓர் அட்டவணை போட ஆரம்பித்தேன்.

அழைப்பிதழ் அடித்த நாளில் நான் மனைவியோடு சண்டை போட்டிருந்தேன். தங்கள் நல்வரவை நாடும் என்பதற்குக் கீழே தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, மைத்துனர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று ஐம்பத்திரண்டு பேரைப் போட்டே தீர வேண்டும் என்றாள். இது அழைப்பிதழா, வாக்காளர் பட்டியலா என்று கேட்டேன். ஒரு பெயரையும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது அந்த ஐம்பத்திரண்டு பேரும் வரிசையில் வந்து ஆளுக்கு ஓர் எழுத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாகூட ஒரு 'ஞ' கொடுத்தார். பட்டியலில் கிடைக்காத ஏழெட்டு எழுத்துகளைக் கதையில் வரும் இடத்தைப் பார்த்து ஊகித்தேன்.

எல்லாக் குறிகளையும் கம்ப்யூட்டரை வைத்தே மொத்தமாக மாற்றிவிடலாம் என்று பார்த்தேன், ஒன்றை மாற்றினால் இன்னொன்று கெட்டது. கடைசியில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து நானே புதிதாக அடிப்பது என்று உட்கார்ந்தேன். மனைவி காலையில் பள்ளிக்குக் கிளம்பியதும் ஆரம்பித்தால் மாலை அவள் வரும்வரை அதே சோலி. நோட்டு கிடைத்ததா என்று அவள் கேட்டால், பரணில் பாதி பார்த்துவிட்டேன் என்பேன். முதல் நாள் முழுக்க அரைப் பக்கம்.

அந்த வேகத்தில் வாசிப்பதில் ஒரு விஷயம் உண்டு. எதையும் தாண்டிப் போக முடியாது. முதல் கதையில் கூக்கால் பஸ் ஒருநாள் லீவு போடுகிறது. காலில் ஆணி, டிரைவரிடம் சொல்லிவிடுங்கள் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு ஏரிக்கரையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அந்த 'ஆணி' வருவதற்கு எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. வந்ததும் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். இன்னொன்றில் ஒரு பூண்டு தன் வாசத்துக்கு வெட்கப்பட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்காருகிறது. மூன்றாவது கதைக்குள் அட்டவணையே எனக்குத் தேவைப்படவில்லை. டாலர் குறியும் அரைப்புள்ளியும் நேராகவே அவள் குரலில் கேட்டன.

வெட்கமாக இருந்தது. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன், இவளுக்கு இப்படிச் சிரிக்கவைக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஏழாவது கதையில் ஒரு சிறுமி பூண்டுத் தோட்டத்து வேலைக்காகப் பள்ளியை விட்டு நிற்கிறாள். வகுப்பில் அவள் உட்காரும் இடத்தில் யாரும் உட்காராமல் பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்காருகிறார்கள். அவள் கடைசிவரை வரவில்லை. அந்தக் கதையை முடித்த அன்று என்னால் மேற்கொண்டு அடிக்க முடியவில்லை.

பங்குனி முடிவதற்குள் பதினொன்றும் முடிந்தன. ஒரு சனிக்கிழமை காலை, அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவிக்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். அவள் முதல் வரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சந்தோஷப்படுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நோட்டு விஷயத்தைச் சொன்னேன். பரணில் இல்லை, எங்கேயும் இல்லை, வீடு மாற்றும்போது நான்தான் பேப்பர்காரரிடம் போட்டேன் என்றேன்.

அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"போட்டது போகட்டுங்க. போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பொரட்டிப் பாத்திருக்கலாம்ல?"

பாத்திருக்கலாம் என்றேன். கை துடைத்துக்கொண்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் முன் அறையில் உட்கார்ந்தாள். சமையலை நான் செய்தேன். அவ்வப்போது அவள் சிரிக்கும் சத்தம் வந்தது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தபோது ஏழாவது கதையில் இருந்தாள். இதை இப்படியே அனுப்பக் கூடாது என்றாள். ஏதோ எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று பதறினேன். எழுத்து சரிதான், முடிவு தப்பு என்றாள்.

"நெசத்துல அந்தப் பிள்ள ரெண்டே மாசத்துல திரும்பி வந்துட்டா. கதைன்னா அழ வைக்கணும்னு நெனச்சு, நான்தான் அவள வரவிடாமப் பண்ணிட்டேன்."

அந்த முடிவுதான் கதைக்கு உயிர் என்று நான் வாதாடினேன். அந்தக் காலி இடம், தள்ளி உட்காரும் பிள்ளைகள், அதில் கை வைக்காதே என்றேன். கதை எழுதினது நீங்களா நானா என்றாள். எழுதியது நீதான், ஆனால் எழுத்தெழுத்தாகப் படித்தவன் நான் என்றேன். சோறு ஆறிப்போனது. வீட்டுக்கடன், மகள் படிப்பு, சொந்தக்காரர் கல்யாணம் என்று எத்தனையோ விஷயத்துக்குச் சண்டை போட்டிருக்கிறோம். அவள் எழுதிய ஒன்றுக்காகச் சண்டை போட்டது அதுவே முதல் தடவை. அன்று இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் லேப்டாப்பைத் திறந்து, கதைகளை மதுரைக்கு அனுப்பத் தயாராக வைத்துக்கொண்டு அவள் பதிலுக்காகக் காத்திருந்தேன். அவள் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாளோடு வந்தாள். ஏழாவது கதைக்குப் புது முடிவு. பேனாவில், அடித்தல் திருத்தலோடு. நான் வாங்கி விசைப்பலகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, அடிக்கக் கையைத் தூக்கினேன். என் கையைப் பிடித்து நகர்த்தினாள்.

"மொதல்ல வாசிங்க. டைப்பு அப்பறம்."

தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் நின்று வாசித்தேன். அந்தப் பிள்ளை திரும்பி வந்திருந்தாள்.